முன்பணம் கைமாறுவதற்கு முன்: பெங்களூரில் வீடு தேடுவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

பெங்களூரு வாசகர்களிடமிருந்து வீடு வாங்குவது பற்றி வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இவ்விதழில் பதில் தரப்படுகிறது. பலர் முன்பணம் கொடுத்துவிட்டு ஆவணங்களைப் பற்றிக் கேட்கிறார்கள். முன்பணம் கொடுத்த பிறகு கேட்கப்படும் கேள்விக்கு விற்பவர் நிதானமாகவும், கொடுப்பதற்கு முன் கேட்கப்படும் கேள்விக்கு அதே ஆள் அன்றே மாலையிலும் பதில் தருவார் என்பதால், கீழே சொல்லப்படும் எல்லாமே பணம் கைமாறுவதற்கு முன் செய்ய வேண்டியவை என்று கொள்ளுங்கள்.

கேள்வி: ராமமூர்த்தி நகரைத் தாண்டி 30க்கு 40 அடி அளவில் ஒரு சைட் (வீட்டு மனை) விலைக்கு வந்திருக்கிறது. அது பி-காத்தா சொத்து. பக்கத்தில் உள்ள ஏ-காத்தா சைட்டுகளைவிட விலை நன்றாகவே குறைவு. "இப்போது இ-காத்தா கொடுத்துவிட்டார்கள், கூடிய விரைவில் ஏ-காத்தாவாக மாறிவிடும்" என்று தரகர் சொல்கிறார். நம்பலாமா ஐயா? – ஒரு வாசகர், முருகேஷ்பாளையா

காத்தா என்பது சொத்து வரி வசூலிப்பதற்காக மாநகராட்சி வைத்திருக்கும் பதிவேட்டுக் கணக்கே தவிர, உரிமைப் பத்திரம் அன்று. ஏ-காத்தாவாக இருந்தாலும் அதுவே உங்களை உரிமையாளர் ஆக்கிவிடாது. கிரயப் பத்திரமும் அதற்கு முந்தைய பத்திரங்களின் தொடர்ச்சியும்தான் ஆக்கும். விவசாய நிலத்தை வீட்டு மனையாக முறைப்படி மாற்றாமல் பிரித்து விற்றவை, அங்கீகாரம் பெறாத லேஅவுட்டுகள், அனுமதிக்கப்பட்ட வரைபடத்தை மீறிக் கட்டியவை ஆகியவற்றிடமிருந்தும் வரி வாங்க வேண்டும் என்பதற்காகத் தனியே வைக்கப்பட்ட பதிவேடுதான் பி-காத்தா. வரி கட்டிய ரசீது அந்தக் குறையைப் போக்குவதில்லை.

இ-காத்தா பற்றித் தரகர் சொல்வதில் பாதி உண்மை. 2024 அக்டோபரிலிருந்து பெங்களூரு மாநகரில் பத்திரப் பதிவுக்கு இ-காத்தா கட்டாயம் ஆக்கப்பட்டது. ஆனால் ஏ-காத்தா சொத்துக்கும் இ-காத்தா உண்டு, பி-காத்தா சொத்துக்கும் உண்டு. இ-காத்தா வந்துவிட்டது என்றால் பதிவேடு கணினிக்கு ஏறிவிட்டது என்று பொருள், அவ்வளவுதான். அந்தத் தாளை வாங்கி, அதில் ஏ என்று இருக்கிறதா பி என்று இருக்கிறதா, சைட்டின் அளவும் நான்கு எல்லைகளும் கிரயப் பத்திரத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டு கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் வந்துவிட்டதால், உங்கள் சைட் இப்போது எந்த மாநகராட்சி எல்லையில் வருகிறது என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

"மாறிவிடும்" என்ற பேச்சு இந்த ஊரில் பல ஆண்டுகளாக நடக்கிறது. அக்ரம-சக்ரம என்ற பெயரில் வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்து, வழக்கில் சிக்கி நின்றதை உங்கள் தெருவிலேயே பலர் நினைவில் வைத்திருப்பார்கள். அரசு இனியும் திட்டங்களை அறிவிக்கலாம். அவற்றில் உங்கள் சைட் சேர்வதும் சேராததும் அதன் தனிப்பட்ட குறையைப் பொறுத்தது, கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். ஆகவே நாளை என்னவாகும் என்பதற்கு இன்று ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பி-காத்தா சைட்டுக்குப் பெரும்பாலான பொதுத்துறை வங்கிகள் கடன் தருவதில்லை. தரும் நிதி நிறுவனங்கள் கூடுதல் வட்டி கேட்கும். முறையான கட்டட அனுமதி கிடைப்பதும் கடினம். கையில் உள்ள பணத்திலேயே முழுத் தொகையையும் கொடுக்க முடியும், பல ஆண்டுகள் காலியாகவே கிடந்தாலும் குடும்பம் தாங்கும் என்றால் யோசிக்கலாம். கடன் வாங்கி வீடு கட்டும் எண்ணம் இருந்தால், இதே பணத்துக்குச் சிறிய ஏ-காத்தா பிளாட்டைத் தேடுவதுதான் சரி என்பது என் கருத்து.

கேள்வி: எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. பத்திரங்கள் எல்லாம் கன்னடத்தில் உள்ளன. வங்கி வழக்கறிஞர் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் போதாதா? எந்தெந்தத் தாள்களைக் கேட்டு வாங்க வேண்டும்? – ஒரு வாசகி, அல்சூர்

போதாது. வங்கி வழக்கறிஞர் வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்று பார்க்கிறார். அவர் அறிக்கை வங்கிக்குப் போகும். பல நேரங்களில் அதன் நகல்கூட உங்களுக்குக் கிடைக்காது. கன்னடம் படிக்கத் தெரிந்த, சொத்து வழக்குகளில் பழக்கமுள்ள ஒரு வழக்கறிஞரை நீங்களே கட்டணம் கொடுத்து அமர்த்துங்கள். அவர் விற்பவரோ தரகரோ அறிமுகம் செய்தவராக இருக்கக் கூடாது. ஒவ்வொரு பத்திரத்திலும் யார் யாருக்கு, எந்தத் தேதியில், எந்த சர்வே எண்ணில், எவ்வளவு நிலம் விற்றார் என்ற நான்கையும் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு பட்டியலாக எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலில் ஒருவர் வாங்கியவராக வராமல் திடீரென்று விற்பவராக வந்தால் சங்கிலி அங்கே அறுந்திருக்கிறது என்பது கன்னடம் தெரியாத உங்களுக்கும் விளங்கிவிடும்.

மூலப் பத்திரத்திலிருந்து தொடங்கிக் குறைந்தது 30 ஆண்டுத் தொடர்ச்சி வேண்டும். அதே காலத்துக்கான வில்லங்கச் சான்றிதழையும் கேளுங்கள். கர்நாடகத்தில் பதிவுகள் இருந்தால் படிவம் 15, எதுவும் இல்லையென்றால் படிவம் 16 கொடுப்பார்கள். பதிவுத் துறையின் காவேரி இணையத்தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். 2004 ஏப்ரலுக்கு முந்தைய பதிவுகளைச் சார்பதிவாளர் அலுவலகத்தின் பழைய புத்தகங்களில் தேட வேண்டியிருக்கும். இதில் பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. சைட் எண்ணுக்கு மட்டும் சான்றிதழ் வாங்கினால், லேஅவுட் போடப்பட்ட நாளுக்குப் பிந்தைய கதைதான் தெரியும். அதற்கு முன் அந்த நிலம் சர்வே எண்ணாக இருந்தது. அந்தச் சர்வே எண்ணுக்கும் தனியே வாங்கினால்தான் பழைய அடமானமோ பாகப்பிரிவினையோ கண்ணில் படும்.

வில்லங்கம் இல்லை என்று சான்றிதழ் சொன்னாலும் வில்லங்கம் இருக்கலாம். பதிவு செய்யப்படாத கிரய ஒப்பந்தம், உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நடந்துகொண்டிருக்கும் வழக்கு ஆகியவை அதில் வராது. வழக்கு இருக்கிறதா என்பதை நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவரின் பெயரைக் கொண்டும் அவருக்கு முன் விற்றவரின் பெயரைக் கொண்டும் தேடலாம். பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்களா என்பதற்கு செர்சாய் என்ற மத்திய அடமானப் பதிவேட்டில் சிறிய கட்டணம் செலுத்தித் தேடலாம்.

அடுத்து, குடும்பம். நிலம் ஒருவருடைய சுயசம்பாத்தியமா, பூர்வீகமா என்று முதலில் தெரிய வேண்டும். பூர்வீகம் என்றால் தாசில்தார் அலுவலகம் வழங்கும் வம்சவிருட்சத்தை (குடும்ப வாரிசுப் பட்டியலை) கேட்டு, அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கையெழுத்து இருக்கிறதா என்று சரிபாருங்கள். "பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, நகை போட்டாயிற்று" என்ற விளக்கம் சட்டத்தின் முன் நிற்காது. 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் மகளுக்கும் பிறப்பாலேயே மகனுக்குச் சமமான பங்கைத் தந்தது. அந்தத் திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினைக்கும் விற்பனைக்கும் பாதுகாப்பு உண்டு. அதற்குப் பிந்தையவற்றில் மகள்களின் கையெழுத்தோ பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரமோ இல்லையென்றால், பேரம் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் விலகிக்கொள்ளுங்கள்.

நகரின் ஓரங்களில் வாங்குவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு அரசு வழங்கிய நிலத்தை அரசின் முன் அனுமதி இல்லாமல் விற்பது 1978ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டப்படி செல்லாது; நிலம் அந்தக் குடும்பத்துக்கே திருப்பித் தரப்படும். எவ்வளவு காலம் ஆனாலும் இப்படிக் கோரலாம் என்று 2023இல் சட்டம் திருத்தப்பட்டது. நிலம் அவர்களுக்காகக் கொடுக்கப்பட்டது என்பதால் இந்தச் சட்டத்தில் நியாயம் இருக்கிறது, இடையில் வாங்கி விற்றவர்கள்தாம் அதை மறைக்கிறார்கள். முதல் உரிமையாளருக்கு நிலம் எப்படி வந்தது என்பதைப் பழைய பஹணியிலும் (நில உரிமை, சாகுபடி விவரப் பதிவேடு) மாறுதல் பதிவேட்டிலும் தேடிப் பார்க்கும்படி வழக்கறிஞரிடம் குறிப்பாகச் சொல்லுங்கள்.

கேள்வி: புதிதாகக் கட்டும் அடுக்கத்தில் பிளாட் பதிவு செய்ய, ஒப்பந்தம் போடும் முன்பே 20 சதவீதம் கட்டச் சொல்கிறார்கள். சரியா? – ஒரு வாசகர், கே.ஆர்.புரம்

சரியல்ல. கட்டுநர்களை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டத்தின் 13ஆம் பிரிவு, கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. முதல் சந்திப்பிலேயே இதை மீறும் கட்டுநரோடு அடுத்த மூன்று, நான்கு ஆண்டுகளை எப்படிக் கழிப்பது என்று யோசியுங்கள்.

கேள்வி: எலக்ட்ரானிக் சிட்டி அருகே ஏறக்குறைய பத்து ஆண்டு பழைய பிளாட் ஒன்று பிடித்திருக்கிறது. ஓ.சி. (கட்டி முடித்த கட்டடத்தில் குடியேறலாம் என்று மாநகராட்சி தரும் சான்றிதழ்) இல்லை. "இங்கே யாருக்குமே இல்லை, எல்லோரும் குடியிருக்கிறோமே" என்கிறார் விற்பவர். மனைவியும் அந்த வீட்டையே விரும்புகிறாள். – ஒரு வாசகர், பொம்மனஹள்ளி

விற்பவர் சொல்வது உண்மைதான், பெங்களூரில் ஓ.சி. இல்லாமல் குடியிருப்போர் ஏராளம். அதனால் ஓ.சி. இல்லை என்பதோடு நிறுத்தாமல், ஏன் இல்லை என்று கேளுங்கள். கட்டுநர் கட்டணம் கட்டாமல் விட்டுவிட்டாரா, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று வாங்கவில்லையா, அல்லது வரைபடத்தையே மீறிக் கட்டினாரா என்பதைப் பொறுத்து நிலைமை முற்றிலும் மாறும். முதல் இரண்டையும் குடியிருப்போர் சங்கம் முயன்றால் சரிசெய்ய வழியுண்டு. மூன்றாவது அப்படியன்று.

அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் நகலை வாங்கிக்கொண்டு அடுக்கத்தின் எதிரே நின்று தளங்களை எண்ணுங்கள். வரைபடத்தில் வாகன நிறுத்தத்துக்கு மேல் மூன்று தளங்கள் என்றிருந்து, நேரில் நான்கு நின்றால், அந்த நான்காவது தளத்தில் உள்ள வீடு எவ்வளவு காற்றோட்டமாக இருந்தாலும் வாங்க வேண்டாம். மற்றத் தளங்களில் உள்ளவை அவ்வளவு ஆபத்தானவை அல்ல என்றாலும் முழுக் கட்டடத்துக்கும் ஓ.சி. கிடைக்காமல் போவது அந்த ஒரு தளத்தால்தான். ஓ.சி. இல்லாமல் வீட்டை ஒப்படைக்கக் கூடாது, அதைப் பார்த்த பிறகே நிரந்தர மின், குடிநீர் இணைப்புகளைத் தர வேண்டும், வங்கிகளும் அதைச் சரிபார்த்தே கடன் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பான உத்தரவுகளைப் பிறப்பித்தது. பத்து ஆண்டுக்கு முன் இந்த வீட்டை வாங்கியவர் தயங்கியதைவிட, நாளை உங்களிடம் வாங்க வருபவர் கூடுதலாகத் தயங்குவார் என்பதை விலை பேசும்போது மனத்தில் வையுங்கள்.

ஓ.சி. கேள்விக்குத் திருப்தியான விடை கிடைத்தால், பிரிபடாத மனைப் பங்கு எவ்வளவு என்று பத்திரத்தில் பாருங்கள். கட்டடம் பழசாகிக்கொண்டே போகும், அதற்குப் பின் உங்கள் பெயரில் மிஞ்சுவது அந்த நிலம்தான். நில உரிமையாளரும் கட்டுநரும் கூட்டு ஒப்பந்தத்தில் கட்டிய அடுக்கமாக இருந்தால், யாருடைய பங்கில் இந்த வீடு வந்தது, அந்தப் பங்கீட்டு ஒப்பந்தத்தில் இதன் எண் எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் காணுங்கள். பராமரிப்புத் தொகை பாக்கி இல்லை என்று சங்கத்திடம் கடிதம் வாங்குங்கள். கார் நிறுத்துமிடம் பத்திரத்தில் இல்லையென்றால் அது காவலாளியின் வாய்மொழியில் மட்டுமே இருக்கிறது என்று பொருள்.

மனைவியின் விருப்பத்தைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவரையும் வரைபடத்தோடு அழைத்துச் செல்லுங்கள். விருப்பமுள்ளவர்தான் கூர்ந்து பார்ப்பார்.

கேள்வி: 85 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய பிளாட் பேசி முடிக்கும் நிலையில் இருக்கிறோம். கையில் 20 லட்சம் இருந்தால் போதும், மீதியை வங்கி தரும் என்கிறார் தரகர். கணக்குச் சரியா? – ஒரு வாசகி, மாரத்தஹள்ளி

சரியில்லை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடன்களில் சொத்து மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் வங்கி தர முடியாது. 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 சதவீதம் உச்சம். உங்களுக்கு 80 சதவீதமே கிடைப்பதாக வைத்துக்கொண்டால் கடன் 68 லட்சம், உங்கள் பங்கு 17 லட்சம். தரகர் கணக்கு இதோடு நின்றுவிட்டது, பதிவுச் செலவை அவர் சேர்க்கவில்லை. முத்திரைத் தீர்வை 5 சதவீதம், அதன் மேல் செஸ்ஸும் கூடுதல் வரியும் சேர்ந்து 5.6 சதவீதம் ஆகும். பதிவுக் கட்டணத்தை 2025 ஆகஸ்ட் இறுதியில் 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக உயர்த்தினார்கள். ஆக மொத்தம் 7.6 சதவீதம், அதாவது 6 லட்சத்து 46 ஆயிரம். இந்தத் தொகையை வங்கி சொத்து மதிப்பில் சேர்க்காது. வழக்கறிஞர், கடன் நடைமுறைக் கட்டணம், தரகு ஆகியவற்றையும் கூட்டினால் 25 லட்சம் இல்லாமல் இறங்க வேண்டாம். வங்கியின் பொறியாளர் வீட்டை 85க்குப் பதிலாக 80 லட்சம் என்று மதிப்பிட்டால் கடன் 64 லட்சமாகக் குறைந்து, இன்னும் 4 லட்சம் உங்கள் கையிலிருந்து போகும். ஆகவே வங்கி மதிப்பீடு வந்த பிறகு பெரிய முன்பணத்தைக் கொடுங்கள். கடன் கிடைக்காவிட்டால் முன்பணத்தை இத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுத மறுக்கும் விற்பவர், அந்தப் பணத்தை ஏற்கெனவே வேறு எதற்கோ ஒதுக்கிவிட்டார் என்றே நினைக்கிறேன்.

விலை 50 லட்சமும் அதற்கு மேலும் இருந்தால் 1 சதவீதத்தை, அதாவது 85,000 ரூபாயை, விற்பவருக்குக் கொடுக்காமல் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டுவது வாங்குபவரான உங்கள் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவராக இருந்தால் இந்த 1 சதவீதக் கணக்கு பொருந்தாது, பிடித்தம் பன்மடங்கு கூடும். ஒரு தணிக்கையாளரைக் கேட்காமல் அப்படிப்பட்டவரிடம் வாங்காதீர்கள். கட்டி முடித்துச் சான்றிதழ் பெற்ற வீட்டின் மறுவிற்பனைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். அசையாச் சொத்துக்கான முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது வருமான வரிச் சட்டத்தில் தடைசெய்யப்பட்டது. தண்டம் விற்பவருக்கு என்றாலும், தகராறு வரும்போது கொடுத்ததற்கு ஆதாரம் இல்லாமல் நிற்பவர் நீங்கள்.

கேள்வி: வர்த்தூர், பெல்லந்தூர் பக்கம் பார்க்கிறோம். மழையில் வெள்ளம், கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் என்று பயமுறுத்துகிறார்கள். – ஒரு வாசகர், டொம்லூர்

பயமுறுத்துபவர்கள் 2022 செப்டம்பரையும் 2024 கோடையையும் பார்த்தவர்கள். அந்தப் பகுதி முழுவதும் ஆகாது என்று சொல்ல மாட்டேன், ஒரே சாலையில் மேட்டில் உள்ள அடுக்கம் நனையாமலும் பள்ளத்தில் உள்ளது படகு விடும் அளவுக்கும் இருந்தன. கர்நாடக அரசின் திஷாங்க் செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு அந்த இடத்திலேயே நின்று திறந்தால், நீங்கள் நிற்கும் சர்வே எண்ணும், பழைய கிராம வரைபடத்தில் அருகே ஓடும் கால்வாயும் ஏரியும் தெரியும். இன்று கான்கிரீட் சாலையாக இருப்பது அன்று ராஜகாலுவேயாக (மழைநீர் ஓடும் பெரிய கால்வாயாக) இருந்திருக்கலாம். 2015ஆம் ஆண்டுக்கான மாஸ்டர் பிளான், முதல்நிலைக் கால்வாய்க்கு 50 மீட்டரும் இரண்டாம் நிலைக்கு 25 மீட்டரும் மூன்றாம் நிலைக்கு 15 மீட்டரும் இடம் விடச் சொல்கிறது. அதற்குள் வரும் கட்டடத்தை வழக்கறிஞர் அறிக்கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தொடாதீர்கள்.

தண்ணீருக்கு, காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 2007இல் மாநகராட்சியில் சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்கு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தருவது அதன் நோக்கம். இணைப்பு இருக்கிறது என்று விற்பனை அலுவலகத்தில் சொல்வதைக் குறித்துக்கொள்ளாமல், கடந்த ஏப்ரல், மே மாதப் பராமரிப்பு ரசீதுகளைச் சங்கத்திடம் கேட்டு வாங்குங்கள். அவற்றில் டேங்கர் தண்ணீருக்கு எவ்வளவு போயிருக்கிறது என்பது தனியே எழுதப்பட்டிருக்கும்.

கேள்வி: இதெல்லாம் வேண்டாம், ஓசூரில் நம் மொழியிலேயே பத்திரம் எழுதி வாங்கிவிடலாம் என்கிறார் அப்பா. – ஒரு வாசகி, சந்தாபுரா

அப்பா சொல்வதில் ஒரு வசதி உண்டு, பத்திரத்தை அவரே படித்துவிடலாம். செலவு குறையாது, தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 9 சதவீதம். அங்கும் அங்கீகாரம் பெற்ற மனையா, பட்டா யார் பெயரில் உள்ளது என்பவற்றை இதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். வேலை பெங்களூரில் என்றால் பயணத்தை எண்ணிப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திராவோடு நிற்கிறது. அது ஓசூர் வரை நீளும் என்று சொல்லி விலையைக் கூட்டுபவரிடம், நீண்ட பிறகு வந்து வாங்குகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.